படுவான்கரையில் இரவு நேர உளநல நெருக்கடி உதவி: அங்கீகாரம் யாரிடம் எடுப்பது?

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். உளவளத்துணை டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு உள்ளூர் அமைப்பில் வேலை செய்தேன். திட்டத்துக்கு வந்த பணம் முடிந்ததும் வேலையும் முடிந்துவிட்டது, ஆனால் சனம் எனக்குப் போன் எடுப்பது நிற்கவில்லை. பகலில் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் கிளினிக் இருக்கிறது, சரி. இரவு ஏழு மணிக்குப் பிறகு? மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு எங்களுக்குப் பட்டணம் கிட்டத்தான். ஆனால் வெல்லாவெளி, மண்டூர் பக்கத்து உட்கிராமங்களில் இருட்டினால் யானைக்குப் பயந்து ஒருவரும் வெளிக்கிட மாட்டார்கள், வாவியைக் கடக்கும் பாதைப் படகும் அந்த நேரத்தில் இல்லை. சண்டை, கடன், குடி, மரண வீடு, எல்லாம் முற்றுவது அந்த நேரத்தில்தான்.

நுண்கடன்காரர் வந்து முற்றத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டுப் போன ஒரு நாள் இரவு, ஒரு அக்கா போன் எடுத்தா. பேச்சே இல்லை. பின்னால் பிள்ளை இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் போனை வைக்காமல் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தேன், என் வீட்டுக்காரர் மற்றப் போனில் அவவின் தங்கச்சியைப் பிடித்து அந்த வீட்டுக்கு அனுப்பினார். அவ இப்போது நல்லா இருக்கிறா, இதை எழுதச் சொல்லி அனுமதியும் தந்தா. அன்றைக்கே முடிவெடுத்தேன், இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று.

இப்போது ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். உளவளத்துணை படித்த இரண்டு பேர், ஓய்வுபெற்ற ஒரு தாதி, ஒரு முன்பள்ளி ஆசிரியை, ஓட்டோ வைத்திருக்கும் ஒரு தம்பி. இரவில் ஒரு போன், தேவைப்பட்டால் வீட்டுக்குப் போவது, ஆஸ்பத்திரிக்கு என்றால் கூடவே போய் நிற்பது. இவ்வளவுதான் யோசனை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று போன் செலவும் எரிபொருளும் தர ஆயத்தம், ஆனால் ‘அங்கீகரிக்கப்பட்ட சேவை வழங்குநர்’ என்ற கடிதம் வேண்டுமாம். ஒரு அலுவலகத்தில் கேட்டேன், இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போனால் முதல் இடத்திலிருந்து கடிதம் கொண்டு வா என்கிறார்கள்.

இப்படி ஒரு சான்றிதழ் உண்மையில் இருக்கிறதா? கிராமச் சங்கமாகப் பதிந்தால் போதுமா? நடு இரவில் பொலிஸ் மறித்து நீங்கள் யார் என்று கேட்டால் எதைக் காட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தம்பிலுவிலான் எழுதியது:

தங்கச்சி, நேரடியாகவே சொல்கிறேன். நெருக்கடி உளநல சேவை வழங்குநர் என்று பெயர் போட்ட தனி உரிமம் ஒன்று நம் நாட்டில் இல்லை. அதைத் தேடி அலைந்தால் வருடம்தான் போகும். மருத்துவர்களுக்கு மருத்துவப் பேரவை இருக்கிற மாதிரி உளவளத்துணையாளர்களுக்குச் சட்டப்படியான பேரவையும் கிடையாது. அதனால்தான் கேட்கிற இடத்தில் எல்லாம் வேறு வேறு பதில் வருகிறது. அமைப்புக்குச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, ஆட்களுக்குத் தகுதி இருக்கிறதா, சுகாதாரத் துறைக்கு உங்களைத் தெரியுமா, இந்த மூன்றையும் கலந்து ஒரே சொல்லில் அங்கீகாரம் என்று கேட்கிறார்கள். மூன்றுக்கும் தனித்தனியாக ஃபைல் திறவுங்கள்.

பதிவு லேசானது. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் வேலை என்றால் அங்கேயே தொண்டர் சங்கமாகப் பதியப் பாருங்கள். ஆனால் வெளிநாட்டுப் பணம் என்று சொன்னீர்களே, அங்கேதான் கவனம் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசியச் செயலகத்தில் பதிய வேண்டி வரும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இதற்கென்று ஒருங்கிணைப்பாளர் இருப்பார், முதலில் அவரிடம் போங்கள். சிலர் 2007ஆம் ஆண்டு கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனியாகப் பதிகிறார்கள். ஐந்து பேருக்கு அது அதிகப்படி, கணக்காய்வுச் செலவு வேறு வரும்.

உண்மையான வாசல் மூன்றாவதுதான். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் உளநலத்துக்குப் பொறுப்பான வைத்தியர் இருப்பார். அவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள், கையில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தெந்தக் கிராம சேவகர் பிரிவுகள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் யார் என்ன படித்தவர்கள், ஆபத்தான ஆளை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள், உங்களை மேற்பார்வை செய்யப்போவது யார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகவே போகாதீர்கள். நாங்கள் போனபோது வைத்தியர் அதைத்தான் முதலில் கேட்டார், மற்ற எல்லாவற்றையும் பிறகுதான் வாசித்தார்.

அவர்கள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைக்கு யார் யாரெல்லாம் உளவளத்துணை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முகாமில் இருந்த ஒரே தாயிடம் காலையில் ஒரு கூட்டம் வந்து பிள்ளை எப்படிப் போனது என்று கேட்கும், பின்னேரம் இன்னொரு கூட்டம் வந்து அதையே கேட்கும், அழ வைத்துவிட்டுப் போய்விடும். அவசர நிலைகளில் உளநல உதவி பற்றி 2007இல் வந்த சர்வதேச வழிகாட்டிக் கோவை இப்படியான வேலைகளைத் தெளிவாகவே வேண்டாம் என்கிறது. அந்தக் காலத்தைப் பார்த்த உத்தியோகத்தர்கள் இன்னும் கதிரையில் இருக்கிறார்கள், புதுக் குழு என்றால் யோசிக்கத்தான் செய்வார்கள். நீங்கள் அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு.

சிறிதாகக் கேளுங்கள். மாவட்டம் முழுக்க வேண்டாம், ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு போதும், ஆறு மாதம் பார்த்துவிட்டு மீளாய்வு செய்யுங்கள் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்த கடிதம் ஒரு பக்கம்தான்: இந்தக் குழு இந்தப் பிரிவில் உளசமூக உதவி செய்யலாம், மாதாமாதம் பெயர் இல்லாமல் எண்ணிக்கை தர வேண்டும், நோயறிதலும் மருந்தும் இவர்கள் வேலை இல்லை. அதைத்தான் கொடையாளிக்குக் காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள். பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும் அதன் பிரதி போக வேண்டும். நிலையத்துக்கு நேரே போய் உங்கள் ஐந்து பேரின் முகத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். ஓட்டோத் தம்பியை மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள், இரவில் முதலில் மறிபடுவது அவர்தான்.

---

பழைய வாட்டு அக்கா எழுதியது:

மகள், நீங்கள் செய்ய நினைப்பது பெரிய காரியம். நான் மனநல வாட்டிலும் வெளிக்கள கிளினிக்கிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கடிதத்தைப் பற்றித் தம்பிலுவில் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்துக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

எழுதி வைத்த நடைமுறை இல்லாமல் ஒரு இரவுகூடப் போனைத் திறக்காதீர்கள். போன் எடுத்தவர் உயிரை மாய்க்க நினைக்கிறாரா என்று நேரே கேட்க வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது. கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம் சனம் பயப்படும், அது பிழையான பயம். ‘சாக வேண்டும் போல இருக்கிறதா அம்மா?’ என்று அமைதியாகக் கேட்டால் அநேகம் பேர் அப்பாடா என்று மூச்சு விட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார்கள். பிறகு, இப்போது தனியாக இருக்கிறாரா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, வீட்டில் பக்கத்தில் என்ன இருக்கிறது. வயல் மருந்தும் குளிசைகளும் அன்றிரவே அந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், அயலில் நம்பிக்கையான ஒருவரின் பூட்டுக்குள். இது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 1995 அளவில் நம் நாட்டில் லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையில் போனார்கள், உலகத்திலேயே மிகக் கூடிய வீதங்களில் ஒன்று. அது அவ்வளவு இறங்கியதற்குப் பெரிய காரணம் கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததுதான். கைக்கு எட்டாமல் வைத்தால் உயிர் தப்புகிறது, அந்தக் கடுமையான நேரம் கடந்துபோகிறது.

யாராவது எதையாவது குடித்துவிட்டார், விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் உங்கள் வேலை உளவளத்துணை இல்லை. உடனே 1990 எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆள் நன்றாகக் கதைக்கிறாரே, காலையில் பார்ப்போம் என்று விடக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கிற கை வைத்தியமும் கூடாது. போத்தலையோ குளிசைக் கவரையோ கையோடு கொண்டு போங்கள், வைத்தியருக்கு அது வேண்டும். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வீட்டில் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றதற்காக வழக்குப் போடும் சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது, இதை ஊர் ஊராகச் சொல்லுங்கள்.

ஆளைக் கட்டி வைக்கவோ, அறையில் பூட்டவோ, விருப்பமில்லாமல் ஓட்டோவில் ஏற்றவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை, எந்தக் கடிதம் இருந்தாலும் இல்லை. விருப்பத்துக்கு மாறான அனுமதிக்கு நம்மிடம் இருப்பது இன்னும் 1873ஆம் ஆண்டு மனநோய்க் கட்டளைச் சட்டம்தான், அதில் வைத்தியருக்கும் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும்தான் இடம். வெட்டுக்கத்தியோடு நிற்கிற ஆளிடம் நீங்கள் போகக் கூடாது, பொலிசுக்கு 119 எடுங்கள். மற்ற நேரங்களிலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், அதில் ஒருவர் பெண். கிளினிக் கொப்பி இருந்தால் பாருங்கள், குளிசையை நிறுத்தச் சொல்லவோ கூட்டச் சொல்லவோ வேண்டாம். ஊசித் தவணை தவறியிருந்தால் அதைக் குறித்து அடுத்த நாள் காலை கிளினிக்குக்குச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினைக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

அடுத்த நாள் ஒரு போன். அந்தக் கிழமைக்குள் ஒரு முறை நேரே போய்ப் பார்ப்பது. இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். அப்புறம் உங்கள் ஐந்து பேரும் மாறி மாறி நித்திரை கொள்ள வேண்டும். கிழமையில் ஏழு இரவும் இப்போதே தொடங்காதீர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் தொடங்கினாலும் போதும், உங்கள் போன் மூடியிருக்கிற இரவுகளுக்கு 1926ஐ எழுதி ஒட்டுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கலாம். உளவளத்துணைக்கு 1333உம் இருக்கிறது.

---

சாய்ந்தமருது நாநா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஒரு விஷயம் மட்டும். அம்பாறை மாவட்டத்தில் இருந்து யாராவது இதை வாசித்தால், நமக்கு இரண்டு பிராந்தியப் பணிமனைகள் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர் எல்லாம் கல்முனைப் பிராந்தியம். அம்பாறைப் பட்டணத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

சகோதரி, உங்கள் குழுவில் கோயில் ஆட்களோடு கதைக்கக்கூடிய ஒருவர் இருக்கிறாரா? எங்கள் பக்கம் ஆளுக்கு ஏதும் குழப்பம் என்றால் முதலில் போவது ஓதிப் பார்க்கத்தான், உங்கள் பக்கம் பூசாரியாரிடமும் பரியாரியாரிடமும். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். எங்கள் பள்ளிவாசலில் ஒரு மௌலவி இருக்கிறார், ஓதி முடித்துவிட்டு ‘டொக்டரிடமும் காட்டுங்கள், மருந்தும் அல்லாஹ் தந்ததுதான்’ என்று சொல்லி அவரே கிளினிக் நாளையும் சொல்லி அனுப்புவார். அந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற பலம் எங்கள் துண்டுப்பிரசுரத்துக்கு இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இரண்டு பக்கமும் பயந்து போயிருந்த நாட்களில் பக்கத்து ஊருக்குப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட எங்களுக்கு உதவியதும் இந்த மாதிரி ஆட்கள்தான். உங்கள் பிரிவுக்குப் பக்கத்தில் முஸ்லிம் கிராமங்கள் இருந்தால் ஒரு முஸ்லிம் சகோதரியையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கல்லடிப் பிள்ளை, இப்போது அமெரிக்காவில் எழுதியது:

அக்கா, உங்கள் சங்கத்துக்காரர் கேட்கிற சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. நான் இங்கே நெருக்கடிப் போன் நிலையத்தில் வேலை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் இப்படியான சேவைக்குத் தனியாக விதி வைத்து அங்கீகாரம் தருகிறது, ஏனென்றால் மெடிக்கெய்ட் என்கிற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரச மருத்துவக் காப்புறுதிப் பணம் அதன் வழியாகத்தான் வருகிறது. ஆட்களின் தகுதி, எத்தனை மணி நேரப் பயிற்சி, பதிவேடு, மேற்பார்வை, எல்லாவற்றையும் வந்து பார்ப்பார்கள். 2022 ஜூலையில் உளநல நெருக்கடிக்கு 988 என்ற மூன்று இலக்கப் போன் எண் வந்தது. 2020இல் மத்திய அரசு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி மூன்று விஷயம் வேண்டும் என்கிறது: கதைக்க ஒருவர், வீட்டுக்கு வர ஒருவர், போய்த் தங்க ஒரு இடம்.

அந்த உரிமம் அங்கே இல்லாததற்கு நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. சங்கத்துக்கு விளங்கப்படுத்தி ஒரு கடிதம் எழுதுங்கள்: இலங்கையில் இந்தப் பெயரில் உரிமம் இல்லை, இருப்பது இவை இவை என்று. கொடுப்பவர்களுக்கு வேண்டியது பணம் பொறுப்பான கைக்குப் போகிறது என்ற நிம்மதிதான். இங்கேயிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் போகிற குழு பொலிஸ் இல்லாமல் இரண்டு பேராகப் போவது, ஒரிகனில் யூஜின் என்ற ஊரில் 1989இலேயே தொடங்கிய முறை அது, மருத்துவம் தெரிந்த ஒருவரும் நெருக்கடி வேலை தெரிந்த ஒருவரும். உங்களிடம் தாதியும் உளவளத்துணையாளரும் இருக்கிறார்கள், அந்தச் சோடி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

---

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதியதை அச்செடுத்து ஐந்து பேரும் வாசித்தோம். மேற்பார்வைக்கு ஒரு உளமருத்துவ டிப்ளோமா வைத்தியரைக் கேட்டிருக்கிறோம், மாதம் ஒரு முறை இருந்து கேஸ்களைக் கதைக்கச் சம்மதிக்கிறார் போலத்தான் இருக்கிறது. உளவியல் முதலுதவிப் பயிற்சி மற்ற மூன்று பேருக்கும் எடுத்துக் கொடுக்கிறோம். ஓட்டோத் தம்பிக்கும்தான்.

இரண்டு சந்தேகம் மிச்சம். அடி வாங்கி வெளியே வந்து நிற்கிற பெண்ணை ஒரு இரவு எங்கள் அலுவலக வீட்டில் படுக்க வைக்கலாமா? அப்புறம், வசதி உள்ளவர்களிடம் சின்னதாக ஒரு கட்டணம் வாங்கினால் பிரச்சினையா? சங்கப் பணம் எப்போதும் வரும் என்று நம்பி இருக்க முடியாதே.

---

கச்சேரிப் பக்கம் எழுதியது:

இரண்டுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில், காரணம் சொல்கிறேன்.

கட்டணம் வாங்கி, நோயாளி என்று ஆளை வைத்துப் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் தனியார் மருத்துவ நிறுவனம் என்ற கணக்குக்குள் போய்விடலாம். அதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவையில் பதிய வேண்டும், விண்ணப்பம் மாகாண சுகாதாரப் பணிப்பாளர் வழியாகப் போகும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பிற்காலத்தில் ஒரு நிலையமாக வளர்ந்தால் அந்த வழிக்குப் போங்கள். இப்போது இலவசமாகவே நடத்துங்கள், யாராவது விரும்பித் தந்தால் ரசீது போட்டுச் சங்கக் கணக்கில் சேருங்கள், தருபவரும் உதவி பெறுபவரும் ஒரே ஆளாக இருந்தால் வாங்காதீர்கள்.

இரவு தங்க வைப்பது இன்னும் சிக்கல். உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அந்த வீட்டுக் கணவன் வந்து கதவை இடித்தால் உங்கள் குழுவையும் அந்தப் பெண்ணையும் யார் காப்பது? பெண்களுக்கான 1938 இருக்கிறது, பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், பாதுகாப்பு இல்லங்கள் எங்கே என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் என்றால் காயத்தைக் காட்டி ஆஸ்பத்திரியில் அனுமதிக்கச் செய்வது நல்லது, பாதுகாப்பும் கிடைக்கும், சட்ட வைத்திய அறிக்கைக்கும் வழி இருக்கும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அதற்கு அந்தப் பதிவுகள் உதவும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் உங்கள் கையில் வைத்துக்கொள்ளவே கூடாது, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.

யாரும் இதுவரை சொல்லாத ஒன்று, பதிவேடு. வட்ஸ்அப் குரூப்பில் பெயரும் ஊரும் போட்டுக் கேஸ் கதைக்கிற பழக்கம் எல்லா அமைப்பிலும் இருக்கிறது, உங்களிடம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஊர் சின்னது, வயது எவ்வளவு, என்ன தொழில் என்று எழுதினாலே ஆள் பிடிபட்டுவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தகவல் விசேஷ வகைக்குள் வருகிறது. ஆளுக்கு ஒரு இலக்கம் கொடுங்கள், பெயரும் இலக்கமும் உள்ள கொப்பி ஒன்று மட்டும் பூட்டிய அலுமாரியில், திறப்பு இரண்டு பேரிடம். பாடசாலைப் பிள்ளைகளோடு வேலை என்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி தனியாக வேண்டும்.

பிராந்தியப் பணிமனைக்குக் கொடுக்கும் கடிதத்தோடு உங்கள் நடைமுறைக் கொப்பியையும், மேற்பார்வைக்குச் சம்மதித்த வைத்தியரின் ஒரு வரி ஒப்புதலையும் சேர்த்து வையுங்கள். வாய்ச் சம்மதம் ஃபைலுக்குள் போகாது, அதனால் அவரிடம் இந்தக் கிழமையே கையெழுத்து எடுத்துவிடுங்கள். கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்காதீர்கள்.